ஒரு மில்லி ரத்தம்

என்னிடம் வரும் குழந்தைகளுக்குப் பெயர் இருக்காது. பாட்டிலில் ஒட்டிய துண்டுத்தாளில் ‘பி/ஓ’ என்று போட்டு அம்மாவின் பெயரை எழுதியிருப்பார்கள். ‘பேபி ஆஃப்’ என்பதன் சுருக்கம். இன்னார் பெற்ற பிள்ளை. பெயர் வைக்கிற நாள் வருவதற்குள் ரத்தம் லேபுக்கு வந்துவிடுகிறது.

கொங்குப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக மைக்ரோபயாலஜி லேப் டெக்னீஷியன் நான். பச்சைப் பிள்ளைகள் வார்டு எங்கள் கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் நான் போனது நாலைந்து தடவை இருக்கும். வெளியே நிற்கிற அப்பன்மார் “பெட்டியில வெச்சிருக்காங்க” என்று போனில் யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பெட்டியில் பிள்ளை இருக்கும். என் பெட்டிக்கு அதன் ரத்தம் மட்டும் வரும்.

என் பெட்டி ஒரு மெஷின். உடம்புச் சூட்டில் பாட்டில்களை அடைகாக்கும். பாட்டிலுக்குள் கிருமிக்குக் கஞ்சி மாதிரி ஒரு சத்துத் திரவம். அடியில் ஒரு வட்டச் சில்லு, பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில். உள்ளே கிருமி இருந்தால் அந்தக் கஞ்சியைத் தின்று பெருகும், கரியமில வாயுவை விடும், சில்லு மஞ்சளாகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெஷின் ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். மஞ்சள் தட்டினால் கத்தும். ஐந்து நாள் கத்தாமல் இருந்தால் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவோம்.

பச்சைப் பிள்ளைக்கான பாட்டிலுக்கு ஒரு மில்லி ரத்தமாவது வேண்டும். நமக்கு அது கொசு குடித்த கணக்கு. குறைமாதத்தில் ஒன்றேகால் கிலோவுக்குப் பிறந்த பிள்ளைக்கு அப்படி இல்லை. கிலோவுக்கு எண்பது, தொண்ணூறு மில்லி என்று கணக்குப் போட்டால் அதன் உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தமே சுமார் நூறு மில்லிதான். டீக்கடை கிளாஸில் ஊற்றினால் ஒரு டீ. அதிலிருந்துதான் எனக்கு ஒரு மில்லி. அரை மில்லி, சில நாள் அதுவும் இல்லாமல் பாட்டிலின் வாயோரம் சிவப்பாகக் கறை மட்டும் வரும்போது எனக்குக் கோபம் வரும். ஒருநாள் போனில் சண்டைக்கே போய்விட்டேன். “வந்து பாருங்க அக்கா” என்றார் அந்த சிஸ்டர். போனேன். தையல் நூல் பருமனுக்கு ஒரு நரம்பு, அதில் ஊசி, ஊசிமுனையில் சொட்டுச் சொட்டாக ஊறுகிற ரத்தம். அதற்குப் பிறகு அளவு குறைந்த பாட்டிலைத் திருப்பி அனுப்புவதில்லை. வந்ததை வைத்து வேலை செய்கிறேன்.

அளவை விட என்னை வருத்துவது வேறு. ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிடுவது. எங்கேயோ ஒரு கிளினிக்கில் முதல் ஊசி, இன்னொரு ஊரில் இரண்டாவது, மூன்றாம் நாள் இங்கே. மருந்து கலந்த ரத்தத்தில் கிருமி அரை மயக்கத்தில் கிடக்கும். என் பாட்டிலில் தலை தூக்காது. பிள்ளையின் உடம்பில் ஒரு மூலையில் சாகாமலும் இருக்கலாம். ‘வளர்ச்சி இல்லை’ என்று நான் எழுதும் தாளை வைத்துக்கொண்டு டாக்டர் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

பச்சைப் பிள்ளைகளின் ரத்தத்தில் எங்கள் லேபில் அன்றாடம் வளர்கிறவை பெரும்பாலும் இளஞ்சிவப்புக் குச்சிகள். கிளெப்சியெல்லா, ஈ.கோலை, அசினெட்டோபாக்டர் வகையறா. நம் நாட்டு நிலவரமே அதுதான். 2011 முதல் 2014 வரை டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2016-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வளர்ந்த கிருமிகளில் அசினெட்டோபாக்டர் 22 சதவீதம், கிளெப்சியெல்லா 17, ஈ.கோலை 14. மேலைநாட்டுப் பாடப்புத்தகங்களில் பச்சிளம் குழந்தைக்கு முதல் எதிரியாக நிற்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நம் பட்டியலில் அடியில் எங்கோ இருக்கிறது. அபூர்வமாக வருவதால் அது வரும்போது நமக்கு அடையாளம் தெரிவதில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி அடைமழை. நைட் டூட்டி. அதிகாலை இரண்டு நாற்பதுக்கு மெஷின் கத்தியது. ஆண் குழந்தை, பிறந்து பதினாறு நாள். சீட்டில் ‘பால் குடிக்கவில்லை, காய்ச்சல், அனத்தல்’ என்று இருந்தது. மாலை ஐந்தரைக்கு நானே உள்ளே வைத்த பாட்டில். ஒன்பது மணி நேரம்தான் ஆகியிருந்தது.

ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் தேய்த்து, தீயில் காட்டி, சாயம் ஏற்றினேன். முதலில் ஊதா, அப்புறம் அயோடின், பிறகு ஸ்பிரிட் விட்டுக் கழுவி, கடைசியில் சிவப்பு. இந்தக் கழுவலில் ஊதாவை விட்டுவிடுகிற கிருமி இளஞ்சிவப்பாகத் தெரியும், விடாதது ஊதாவாகவே நிற்கும். எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கினேன். குச்சி இல்லை. ஊதாப் பாசிமணி கோத்த மாதிரி ஏழெட்டு உருண்டைகள் ஒரு வரிசை, பக்கத்தில் நாலு, தள்ளி ஒரு நீளமான சரம் வளைந்து கிடந்தது.

இந்தச் சரத்தை 1879-இல் பாரிஸ் மருத்துவ அகாடமியில் லூயி பாஸ்டர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிரசவித்த பெண்களைக் கொல்லும் காய்ச்சலைப் பற்றி ஒருவர் காற்றில் வரும் கேடு, அது இது என்று பேசிக்கொண்டிருந்தாராம். பாஸ்டர் குறுக்கிட்டு, டாக்டரும் தாதியும்தான் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்கு இதைச் சுமக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பலகையில் சரத்தைப் போட்டார். பெயர் அதற்கு ஐந்து வருடம் முன்பே வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் வைத்தது. கிரேக்கத்தில் ‘ஸ்ட்ரெப்டோஸ்’ என்றால் முறுக்கியது, சங்கிலி.

ரத்த பாட்டிலில் கிருமி தெரிந்தால் எத்தனை மணியானாலும் வார்டுக்குப் போன் போட வேண்டும். போட்டேன். டூட்டி பி.ஜி. டாக்டர் தூக்கக் குரலில் எடுத்தார்.

“ஸ்ட்ரெப்பா? கன்டாமினேஷனா இருக்குமா அக்கா?”

“ஒம்பது மணி நேரத்துல அடிச்சிருக்கு டாக்டர். சரம் சரமா இருக்கு. நீங்க பிள்ளையப் போய்ப் பாருங்க.”

அவர் கேட்டதில் தப்பில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸில் ஒரு பெருங்கூட்டம் நம் வாயிலும் தொண்டையிலும் சும்மா குடியிருப்பது. ஊசி குத்தும்போது யாராவது மூடாத வாயோடு பேசினால்கூட ஒன்றிரண்டு தெறித்து விழலாம். பெரியவர்களுக்கு இரண்டு இடத்தில் ரத்தம் எடுத்து இரண்டு பாட்டிலிலும் ஒரே கிருமியா என்று பார்ப்போம். நூறு மில்லி ரத்தம் உள்ள பிள்ளையிடம் இரண்டாவது பாட்டில் கேட்க வாய் வருமா? வழிதவறி விழுந்த கிருமி பெரும்பாலும் ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து மெல்லத் தலைகாட்டும். நிஜமாகவே ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கிற கிருமி அவசரக்காரன். இந்தக் கணக்கும் நூற்றுக்கு நூறு சரியாக வராது. அதனால்தான் “பிள்ளையப் பாருங்க” என்றேன். பாட்டில் பாதிதான் சொல்லும்.

இந்தப் பிடிவாதம் எனக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். இந்த மெஷின் அப்போது இல்லை. பாட்டிலைக் கண்ணால் பார்த்துக் கலங்கியிருந்தால் எடுப்போம். குறைமாதக் குழந்தை ஒன்றின் பிளேட்டில் குண்டூசி முனை அளவில் சாம்பல் புள்ளிகள். என்ன என்று தெரியவில்லை. அன்றைக்குப் பார்க்க நாற்பது பிளேட் இருந்தது. ‘கன்டாமினன்ட்’ என்று ரிஜிஸ்டரில் எழுதினேன். மேலே கையெழுத்தும் ஆகிவிட்டது. இரண்டு நாள் கழித்து அதே பெயருக்கு இன்னொரு பாட்டில் வந்தது, அதே புள்ளிகள். போன் பண்ணினேன். “அது எக்ஸ்பையர்டு” என்றார்கள். நான் ஒழுங்காக எழுதியிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்த ரிஜிஸ்டரின் பக்க எண் மட்டும் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

ஐப்பசி இரவுக்கு வருகிறேன். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை பிளட் அகரில் கோடிழுத்து வைத்தேன். ஆட்டு ரத்தம் ஐந்து சதவீதம் கலந்து உறையவைத்த சிவப்புத் தட்டு அது. வளர்கிற ஸ்ட்ரெப் அந்த ரத்தத்தை என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அதன் குலம் கோத்திரம் பார்ப்போம். புள்ளியைச் சுற்றி ரத்தம் முழுக்கக் கரைந்து கண்ணாடியாகத் தெளிந்தால் ஒரு கூட்டம். பாசி மாதிரி பச்சை கட்டினால் இன்னொரு கூட்டம். ஒன்றும் ஆகாமல் அப்படியே இருந்தால் மூன்றாவது.

விடிய விடிய நான் எதிர்பார்த்தது தெளிந்த வட்டத்தை. ‘குரூப் பி’ என்று சொல்லும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. பிறந்து ஒரு வாரம் தாண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல், அனத்தல், சரம் என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழும்.

அந்தப் பெயரின் அர்த்தத்தை டிப்ளமோ படிக்கும்போது தெரிந்துகொண்ட நாளில் எனக்கு எங்கள் சாளைதான் ஞாபகம் வந்தது. அகலாக்டியே என்றால் பால் அற்றது. காங்கேயம் பக்கம் எங்கள் வீட்டில் மூன்று உருப்படி மாடு. ஒரு செவலைக்கு மடிநோய் வந்து மடி கல்லாக இறுகிவிட்டது. பீச்சினால் பால் திரிதிரியாக வந்தது. சொசைட்டியில் வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டார்கள். அப்பா சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசிக்கொண்டே இருந்தார். மாடு பிழைத்தது, இரண்டு காம்பு போச்சு. மடிநோய்க்குக் காரணமான பல கிருமிகளில் இந்த ‘பால் அற்றதும்’ ஒன்று. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அம்மையார் 1933-இல் இந்தச் சரங்களை ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்துப் பிரித்தபோது, ‘பி’ மாட்டோடு சேர்ந்த கிருமியாகத்தான் இருந்தது. 1938-இல் லண்டனில் பிரசவம் முடிந்த மூன்று பெண்கள் இதனால் இறந்ததாக எழுதினார்கள். 1970-களில் அமெரிக்காவில் பச்சைப் பிள்ளைகளைக் கொல்லும் முதல் கிருமி என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

நம் தொழுவத்து மாட்டிலிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். மனிதரிடம் இருக்கிற வகைகள் பெரும்பாலும் வேறு. உலகில் கர்ப்பிணிகளில் சுமார் 18 சதவீதம் பேரின் குடலிலும் பிறப்புறுப்பிலும் இது சும்மா இருக்கிறது. தெற்காசியாவில் கொஞ்சம் குறைவு. அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இராது. அசுத்தத்தால் வருவதில்லை, ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணிக்குடம் உடைந்து பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ, பிரசவ நேரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தாலோ, மாதம் நிறையாமல் பிறந்தாலோ பிள்ளைக்கு இது தொற்றிக்கொள்ள இடம் அதிகம். அமெரிக்காவில் கடைசி மாதத்தில் எல்லாக் கர்ப்பிணிக்கும் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துப் பார்த்து, இருந்தால் பிரசவ வலி நேரத்தில் நரம்பு வழியே பென்சிலின் ஏற்றுகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆயிரம் பிறப்புக்கு 1.8 என்று இருந்த முதல் வாரத் தொற்று 2015 வாக்கில் 0.23-க்கு இறங்கிவிட்டது. நம் நாட்டில் அப்படி எல்லோருக்கும் பார்ப்பதில்லை, இங்கிலாந்திலும் இல்லை. ஆபத்துள்ள பிரசவம் எது என்று பார்த்து மருந்து கொடுப்பதுதான் வழக்கம். அந்த பென்சிலினுக்கும் ஒரு எல்லை உண்டு. முதல் வாரத்தில் வருவதைத்தான் அது தடுக்கும். ஏழாம் நாளிலிருந்து மூன்று மாதம் வரை வருகிற தொற்றை அது தொடுவதில்லை.

மறுநாள் சாயந்தரம் கொஞ்சம் முன்னாடியே வந்து பிளேட்டைத் திறந்தேன். தெளிந்த வட்டம் இல்லை. சின்னச் சாம்பல் புள்ளிகள், சுற்றி லேசாகப் பச்சை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டேன், நுரைக்கவில்லை. நுரைத்திருந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ். ஆக, ஸ்ட்ரெப் குடும்பம்தான். ‘பி’ மட்டும் இல்லை. பித்த உப்பு கலந்த அகரில் போட்டதில் அது கன்னங்கரேல் என்று கறுத்துவிட்டது. பக்கத்து மேஜையில் இருந்தவர் எட்டிப் பார்த்து, “என்டரோகாக்கஸ்தானே, எழுதி விடுங்க” என்றார்.

அப்படியே எழுதியிருக்கலாம். கறுப்பு அதைத்தான் சொல்கிறது. ஆனால் என்டரோகாக்கஸ் உப்புக்கு அஞ்சாதது, ஆறரை சதவீத உப்புத் தண்ணீரிலும் வளரும். இது வளரவில்லை. பி.ஒய்.ஆர். என்று ஒரு சோதனை உண்டு; தாளில் தேய்த்து மருந்து விட்டால் என்டரோகாக்கஸ் செக்கச்செவேல் என்று சிவக்கும். இது சிவக்கவில்லை. எதற்கு இந்த நுணுக்கம் என்றால், என்டரோகாக்கஸுக்கு செஃபலோஸ்போரின் வகை ஊசிகள் வேலை செய்யாது, மருந்தையே மாற்ற வேண்டும். நான் சந்தேகப்பட்ட ஆள் சாதாரண பென்சிலினுக்கே பெரும்பாலும் அடங்குகிறவன். ஒரு சொல் மாற்றி எழுதினால் பிள்ளை தேவையில்லாத மருந்தில் பதினைந்து நாள் கிடக்கும்.

அடையாளம் காணும் மெஷின் மூன்றாம் நாள் பெயரைக் கக்கியது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ், துணையினம் பேஸ்டூரியானஸ். எங்கள் புரொஃபசர் மேடம் படித்துவிட்டு, “நம்ம பழைய போவிஸ்” என்றார். போவிஸ் என்றால் மாட்டினுடையது. மறுபடியும் மாடு! அந்தக் கூட்டத்தை 1995-இல் பிரித்து கேலோலிட்டிகஸ் என்று பெயர் மாற்றினார்கள். யூகலிப்டஸ் இலையைத் தின்னும் கோலாவின் சாணத்தில் கிடைத்தது அதில் முக்கியமானது. இலையின் துவர்ப்பைச் சிதைக்கிற கிருமி என்று அர்த்தம். துணைப்பெயர், கரும்பலகையில் சரம் வரைந்த அதே பாஸ்டருக்கு மரியாதை. பெரியவர்களின் ரத்தத்தில் இதன் அண்ணன்காரன் வளர்ந்தால் குடலில் புற்று இருக்கிறதா என்று தேடச் சொல்வார்கள். பச்சைப் பிள்ளைகளிடம் இந்தத் தம்பிக்காரன் அபூர்வமாக வந்து அப்படியே குரூப் பி போல நடிப்பான். அவனைப் போலவே மூளைச் சவ்வுக்கும் ஏறுவான்.

அங்கேதான் சிக்கல். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் பிள்ளையின் அப்பா முடியாது என்றுவிட்டாராம். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று நம் ஊரில் ஒரு பயம் ஊறிப்போயிருக்கிறது. தண்டுவடம் முடிந்ததற்குக் கீழே, நீர் மட்டும் நிற்கிற இடத்தில்தான் குத்துகிறார்கள். அதைப் புரியவைக்க அந்த பி.ஜி. டாக்டருக்கு அரை நாள் ஆனது. தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டிய அந்த நீர் என்னிடம் வந்தபோது அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. அதிலும் அதே சரம். ரத்தத்தில் மட்டும் என்றால் பத்து நாள் ஊசி போதும். சவ்வுக்கு ஏறியிருந்தால் இரண்டு வாரத்துக்கும் மேல் போட வேண்டும், அளவும் கூட்ட வேண்டும், பிழைத்த பின் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

இந்த வீட்டாரும் ஒரு நாளைத் தொலைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பிள்ளை அனத்துகிறது, முலையில் வாய் வைக்கவில்லை என்றதும் உரம் விழுந்திருக்கும் என்று உரம் எடுக்கத் தூக்கிப் போயிருக்கிறார்கள். சேலையில் போட்டு உருட்டியதில் பிள்ளை அசந்து தூங்க, சரியாகிவிட்டது என்று வீடு திரும்பிவிட்டார்கள். அது தூக்கம் இல்லை. உரம் எடுப்பவரை நான் குறை சொல்லப் போவதில்லை, எனக்கும் என் பிள்ளைக்கும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மாதம் நிறையாத பிள்ளை இரண்டு வேளை பால் மறுத்தால், தொட்டால் கொதித்தாலோ சில்லிட்டுக் கிடந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டினால், முனகினால், உச்சிக்குழி புடைத்தால், எழுப்பியும் எழாமல் துவண்டால், மற்றதெல்லாம் அப்புறம். அந்த வயதில் ரத்தத்தில் கிருமி பெருக நாள் கணக்கு வேண்டாம், மணிக்கணக்கு போதும். அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் இறங்குகிறது. குறைமாதப் பிள்ளைக்கு அந்தச் சீதனமும் அரைகுறைதான்.

சரத்தை எதிர்பார்க்க வேண்டிய பெரிய பிள்ளைகளும் உண்டு. ரத்தப் புற்று வார்டிலிருந்து எட்டு வயதுப் பெண் ஒருத்தியின் பாட்டில் ஒருமுறை கத்தியது. அவள் வாயில் சும்மா குடியிருந்த விரிடன்ஸ் ஸ்ட்ரெப், பச்சை கட்டுகிற கூட்டம். வீரியமான புற்று மருந்து ஏற்றியதில் வாயெல்லாம் புண், வெள்ளணு நூறுக்கும் கீழே. காவல் இல்லாத வீட்டில் கதவும் உடைந்து கிடந்தால் வாசலில் உட்கார்ந்திருந்தவன் உள்ளே நுழையத்தானே செய்வான்! சிலருக்கு இதிலேயே ரத்த அழுத்தம் சரிந்து, நுரையீரல் மூழ்கிவிடும். அதனால்தான் அந்த வார்டில், காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்காதீர்கள், நேரே தூக்கி வாருங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார்கள். அவள் தப்பித்தாள். இதயத்தில் ஓட்டையோடு இருக்கிற சில பிள்ளைகளுக்கும் சொத்தைப் பல்லிலிருந்து இதே கூட்டம் கிளம்பி வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும். பல்லைப் பிடுங்கப் போகுமுன் இதய டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மண்ணீரல் வேலை செய்யாத பிள்ளைகள் வேறு கதை. நிமோகாக்கஸும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான், ஜோடி ஜோடியாக நிற்கும். ரத்தத்தில் அதை வடிகட்டுவது மண்ணீரல். அரிவாள் செல் சோகை உள்ள பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே அந்த வடிகட்டி சுருங்கிப் போகிறது. இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் கண்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான், 1952-இல். அமெரிக்காவில் 1986-இல் வெளியான ஒரு சோதனையில் இப்படிப்பட்ட 215 குழந்தைகளைப் பிரித்து, பாதிப் பேருக்குத் தினம் இரண்டு வேளை பென்சிலின் மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் தொற்று வந்தது இரண்டு பேருக்கு, கொடுக்காதவர்களில் பதின்மூன்று பேருக்கு. குறித்த காலத்துக்கு எட்டு மாதம் முன்பே நிறுத்தி, எல்லோருக்கும் மருந்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். மலிவான மாத்திரை. நிமோகாக்கஸ் தடுப்பூசியும் 2021 முதல் நாடு முழுக்க அரசு அட்டவணையில் இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம்.

பதினாறு நாள் பிள்ளைக்கு இருபத்தோரு நாள் ஊசி போனது. வீட்டுக்கு விடுவதற்கு முந்தின நாள், ரிப்போர்ட் நகல் வாங்க அதன் அப்பத்தா எங்கள் ஜன்னலுக்கு வந்தார். கண்டாங்கிச் சேலை, காதில் தண்டட்டி தொங்கின நீளத் துளை. வரிசையில் கடைசியாக நின்று, எல்லாரும் போன பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏஞ்சாமி, அந்தப் பூச்சி எங்கிருந்து வந்துச்சு? மருமவ ஒடம்புல இருந்துதானுங்களா?”

கேள்வியில் இருந்த முள் எனக்குத் தெரிந்தது. “அது வயித்துக்குள்ள இருக்கறது ஆத்தா. உங்க வயித்துலயும் இருக்கலாம், என் வயித்துலயும் இருக்கலாம். யாரு கையில ஒட்டி வந்துதோ, யாரு கண்டா?”

“ஊட்டுல ரெண்டு எருமை கட்டியிருக்குது.”

“எருமை மேல பழி போடாதீங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “என் வயித்துல இருக்குதுங்கற. என்னைய ஒண்ணும் பண்ணலையே அது?”

“உங்களுக்கு வயசு எத்தனை?”

“அறுவத்தெட்டோ ஒம்பதோ.”

“அவனுக்குப் பதினாறு நாளு.”

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பூச்சியின் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டார். வாய்க்குள் உருட்டிப் பார்த்து, வராமல் விட்டுவிட்டார்.

“பையனுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“எங்க வெச்சோம்! முப்பது கழிக்கறதுக்குள்ள இங்க வந்து படுத்துக்கிட்டான்,” என்றபடி தாளை எட்டாக மடித்துச் சுருக்குப்பையில் செருகினார். “பூச்சிக்கு இத்தாம் பெரிய பேரு வெச்சுட்டீங்க.”